தலைக்கு ஒரு பென்னி

லண்டன் கென்சிங்டன் கார்டன்ஸ் பூங்காவுக்குள் மார்ச் மாதக் காலையில் நுழையும் தமிழ்நாட்டுப் பயணிக்கு முதலில் காதில் விழுவது பழகிய குரல்தான். நம்மூர்க் கோயில் கோபுரப் பொந்துகளில் குடும்பம் நடத்தும் அதே பச்சைக்கிளி, இன்னும் இலை விடாத மரங்களின் உச்சியில் கூச்சல் போட்டுக்கொண்டு கூட்டமாகத் திரிகிறது. வேலியோரம் நின்று ஆப்பிள் துண்டை நீட்டுபவர்களின் கையில் கூசாமல் வந்து உட்காருகிறது.

இந்தக் கிளிகள் இங்கே எப்படி வந்தன என்பதற்கு லண்டனில் ஆளுக்கொரு கதை உண்டு. கிதார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் கூண்டைத் திறந்துவிட்டார் என்பார் ஒருவர். ‘தி ஆப்பிரிக்கன் குயின்’ படப்பிடிப்பிலிருந்து தப்பியவை என்பார் இன்னொருவர். தொடர் குற்றம் செய்பவர்களின் இருப்பிடத்தைக் கணிக்கக் காவல்துறை கையாளும் கணக்குமுறை ஒன்று இருக்கிறது. 2019இல் லண்டன் குயின் மேரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைக் கிளிகள் மேல் போட்டுப் பார்த்தார்கள். இரண்டு கதைக்கும் ஆதாரம் கிடைக்கவில்லை. வளர்ப்புக் கிளிகள் பல வீடுகளிலிருந்து, பல ஆண்டுகளாக, ஒன்றிரண்டாகத் தப்பிப் பெருகியவை என்பதுதான் உண்மைக்குப் பக்கம். நல்ல கதைகள் இரண்டு போயின.

கிளி வந்த இதே பூங்காவிலிருந்து போன பறவை சிட்டுக்குருவி. 1925இல் மேக்ஸ் நிக்கல்சன் என்ற இளைஞர் இங்கே சிட்டுக்குருவிகளை எண்ணினார், 2,603 இருந்தன. 1975இல் மறுபடி எண்ணியபோது 544. 2000இல் எட்டு. எட்டாயிரமோ எண்ணூறோ இல்லை, வெறும் எட்டு. குஞ்சுகளுக்கு ஊட்டப் பூச்சி இல்லாமை, பழுது பார்த்து அடைத்த கூரைகளில் பொந்து இல்லாமை, வாகனப் புகை என்று சந்தேகப் பட்டியல் நீளமானது. ஒரே குற்றவாளி என்று யாரையும் இன்றுவரை நிறுத்த முடியவில்லை.

பூங்காவை விட்டுப் புறநகர்த் தெருக்களுக்குப் போனால் பிரிட்டனின் இன்னொரு முகம் தெரியும். வீட்டின் பின்கட்டில் கைக்குட்டை அளவு புல்தரையாவது இருக்கும். அதன் நடுவே கம்பியில் தொங்கும் தீனிக்குழாய். நிலக்கடலை, சூரியகாந்தி விதை, கொழுப்புருண்டை எனப் பறவைக்குத் தக்க பலகாரம். கோல்ட்ஃபிஞ்ச் பறவைக்கென்றே மெல்லிய கறுப்பு விதை விற்கிறார்கள். அது நம் மலைக்காட்டு மானாவாரிப் பயிரான பேயெள். இந்தியாவிலும் எத்தியோப்பியாவிலும் விளைந்து, கப்பலேறி, சிவந்த முகமும் மஞ்சள் சிறகுப்பட்டையும் கொண்ட ஓர் ஆங்கிலக் குருவியின் அலகுக்குப் போய்ச் சேருகிறது. ஏழைக் குடியானவனின் எண்ணெய் வித்து எங்கெல்லாம் பயணம் போகிறது பாருங்கள்!

ஜனவரி கடைசி வாரத்தில் லட்சக்கணக்கானவர்கள் ஒரு மணி நேரம் சன்னலோரம் உட்கார்ந்து தோட்டத்துப் பறவைகளை எண்ணி எழுதி அனுப்புகிறார்கள். பறவைகள் பாதுகாப்புக்கான அரச சங்கம் 1979இல் சிறுவர்களை மனத்தில் வைத்துத் தொடங்கிய கணக்கெடுப்பு இது. அந்தச் சங்கமே 1889இல், தொப்பியில் இறகு சூடும் நாகரிகத்தை எதிர்த்த பெண்கள் கூடித் தொடங்கியதுதான்.

இந்தத் தோட்டங்களில் பயணிக்கு அந்நியம் குறைவு. கரிய உடலும் மஞ்சள் அலகுமாகப் புல்லைக் கிளறும் பிளாக்பேர்டின் நெருங்கிய சொந்தம் உதகையிலும் கொடைக்கானலிலும் சோலைகளில் பாடுகிறது. அண்மைக்காலம் வரை இரண்டையும் ஒரே இனமாகத்தான் வைத்திருந்தார்கள். கிரேட் டிட் என்பது நம் பட்டாணிக்குருவியின் மஞ்சள் வயிற்றுப் பங்காளி. கூரை முகட்டில் கூவும் புறா, நம் புன்செய்க் காடுகளின் கள்ளிப்புறா. அது மனிதன் கொண்டுவந்ததில்லை. ஐரோப்பாவைத் தானாகவே குறுக்காகக் கடந்து, 1955இல் நார்ஃபோக் கடற்கரையில் முதல் கூட்டைக் கட்டியது.

ராபின் மட்டும் வேறு ரகம். கிறிஸ்துமஸ் வாழ்த்தட்டையில் பனிமேல் நிற்கும் சாது என்று நினைத்தால் ஏமாற்றம்தான். விக்டோரியா காலத்துத் தபால்காரர்களின் சிவப்புச் சட்டை வழியாக அட்டைக்குள் நுழைந்த பறவை அது. டெவன் பகுதிப் பள்ளி ஒன்றில் ஆசிரியராக இருந்தபோது டேவிட் லாக் அதை ஆராய்ந்து, 1943இல் புத்தகமாக்கினார். தன் எல்லைக்குள் வைத்த சிவப்பு இறகுக் கொத்து ஒன்றைக்கூட எதிரியென்று நினைத்து ராபின் தாக்கியதை அதில் பதிவுசெய்தார். மண்வெட்டிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும் நட்பெல்லாம் மண்புழுவுக்காக.

விருந்தோம்பலுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஒரே தட்டில் பலர் உண்ணும் இடத்தில் நோயும் பரிமாறப்படும். 2005 வாக்கில் டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணி ஃபிஞ்ச் பறவைகளிடையே பரவத் தொடங்கியது. தொண்டை அடைத்து, விழுங்க முடியாமல் அவை செத்தன. தோட்டத்துக்குத் தோட்டம் இருந்த கிரீன்ஃபிஞ்ச் 2021இல் பிரிட்டனின் சிவப்புப் பட்டியலில் ஏறிவிட்டது. தீனிக்குழாயைக் கழுவிக் காயவைப்பது இப்போது அங்கே கடமையாகச் சொல்லப்படுகிறது.

ஆனால் பயணி தேடி வந்த பறவை இந்தக் குழாய்களுக்கு அபூர்வமாகத்தான் வரும். அது புல்ஃபிஞ்ச். சிட்டுக்குருவியைவிடச் சற்றே தடித்த உடல், கழுத்தே இல்லாதது போன்ற தோற்றம், கரிய தொப்பி, குட்டையான கறுப்பு அலகு. ஆணின் மார்பு பழுத்த கொய்யாவின் உட்சதை நிறம். பெண்ணுக்கு அதே வடிவம், மங்கிய பழுப்பு. இவ்வளவு பகட்டான உடுப்புக்குள் இவ்வளவு கூச்சம் இருப்பது வியப்பு. பிரிட்டனில் ஆயுள் முழுக்கத் தோட்டம் வைத்திருந்தும் இதைப் பார்க்காதவர்கள் ஏராளம்.

தேடல் கென்ட் மாவட்டத்தில் தொடங்குவதுதான் முறை. இந்தப் பறவைக்கும் பழத்தோட்டக்காரருக்கும் பகை தொடங்கிய இடம் அது. ஃபேவர்ஷாமுக்குப் பக்கத்தில் டெய்ன்ஹாம் என்ற ஊரில் 1533இல் எட்டாம் ஹென்றியின் பழத்தோட்டக்காரர் ரிச்சர்ட் ஹாரிஸ் அரசருக்காக ஆப்பிள், செர்ரித் தோப்புகள் வைத்தார். ஐரோப்பாவிலிருந்து ஒட்டுக்கன்றுகள் வந்தன. கென்ட் நாட்டின் பழக்கூடை ஆனதற்கு அது ஒரு தொடக்கம். இன்றும் அருகிலுள்ள பிராக்டேலில் தேசியப் பழச்சேகரிப்பு இருக்கிறது. ஆப்பிளில் மட்டும் 2,000 ரகங்களுக்கு மேல், வரிசை வரிசையாக, பெயர்ப்பலகையுடன். பார்த்தவர்களுக்கு மற்றக் கடை ஆப்பிள்கள் மேல் மரியாதை போய்விடும்.

தோப்பு வந்தால் திருடனும் வருவான். குளிர்காலத்தின் கடைசியில் புல்ஃபிஞ்ச் ஜோடி ஜோடியாக வந்து பழமரத்துப் பூமொட்டுகளைத் தின்னும். நிமிடத்துக்கு முப்பது மொட்டு வரை தீர்க்கும். மேல்தோலை உரித்து எறிந்து, உள்ளே சுருண்டிருக்கும் குட்டிப் பூவை மட்டும் எடுத்துக்கொள்ளும். மரத்தடியில் சிதறிக் கிடக்கும் மொட்டுச் செதில்களைப் பார்த்துத்தான் தோட்டக்காரருக்குச் செய்தி தெரியும். அந்த மரத்தில் அந்த ஆண்டு பூவில்லை, பழமில்லை.

1566இல், முதலாம் எலிசபெத் காலத்தில், பயிருக்குக் கேடான உயிர்களைக் கொல்வோருக்குச் சன்மானம் தரும் சட்டம் விரிவாக்கப்பட்டது. நரிக்கும் வளைக்கரடிக்கும் பன்னிரண்டு பென்னி, முள்ளெலிக்கு இரண்டு பென்னி, மீன்கொத்திக்கு ஒரு பென்னி. புல்ஃபிஞ்ச் தலைக்கும் ஒரு பென்னி. பணம் தருவது அந்தந்த ஊர்த் தேவாலயத்தின் பொறுப்பு. ஞாயிறு பூசைக்குக் கூடும் அதே வாசலில் பறவைத் தலைகள் எண்ணப்பட்டன. கணக்கு நோட்டில் மெழுகுவத்திச் செலவுக்குக் கீழே அவை எழுதப்பட்டன. ரோஜர் லவ்க்ரோவ் இந்தப் பழைய தேவாலயக் கணக்குகளை நாடெங்கும் புரட்டி 2007இல் ஒரு நூல் எழுதினார். ஆவணக் காப்பகத்தில் தூசி தட்டி எழுதிய அந்த வேலை, பறவை நூல்களில் அபூர்வமான வகை. சட்டத்தில் வெறும் எழுத்தாக இருந்த பகை, ஊர் ஊராக எவ்வளவு உயிரைக் குடித்தது என்பதை அது காட்டுகிறது.

இன்றைய கென்ட் தோப்பில் நின்றால் புல்ஃபிஞ்சைக் காணோம். ஆளுயரக் குட்டை மரங்கள், கம்பியில் இழுத்துக் கட்டிய கிளைகள், அடியில் மழித்த தரை. மறைவு தேடும் பறவைக்கு இதில் என்ன இருக்கிறது? தோப்பின் ஓரத்தில் விட்டுவைத்த ஒரு முட்புதர் வரிசையில், பிளாக்தார்ன் வெள்ளைப் பூவாகக் கொட்டிக்கிடக்கும் இடத்தில், ஒரே ஒரு முறை அந்தக் குரல் கேட்டது. தாழ்ந்த, உடைந்த விசில். அலட்சியமாக ஊதிவிட்டு நிறுத்திக்கொண்டது போல. பிறகு ஒன்றுமில்லை.

கென்ட்டிலிருந்து மேற்கே ஹாம்ப்ஷயர். அங்கே செல்போர்ன் என்ற சிற்றூர், பறவை பார்க்கும் எவருக்கும் யாத்திரைத் தலம். கில்பர்ட் வைட் என்ற பாதிரியார் இங்கே பிறந்து, இங்கேயே வாழ்ந்து, 1793இல் இங்கேயே இறந்தார். ஊரைச் சுற்றிக் கண்டதைக் கடிதங்களாக எழுதி 1789இல் வெளியிட்ட நூல் இன்றுவரை அச்சில் இருக்கிறது. அவருடைய வீட்டுக்குப் பின்னால் பீச் மரச்சரிவு செங்குத்தாக எழுகிறது. அதில் ஏற அவரும் தம்பியும் 1753இல் வெட்டிய வளைந்து வளைந்து போகும் பாதையில் இன்றும் மூச்சு வாங்கத்தான் ஏறவேண்டும். உச்சியில், ஏப்ரல் தொடக்கத்தில், சிஃப்சாஃப் தன் இரண்டு சுரத்தை ஓயாமல் திருப்பித் திருப்பிச் சொல்கிறது. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் மூன்று இலைக்குருவிகளைப் பாட்டை வைத்துத் தனித்தனி இனம் என்று பிரித்துச் சொன்னவர் வைட். தொலைநோக்கி தோளில் தொங்காத காலத்தில், காதையே கருவியாக்கியவர்.

அவருடைய நூலில் ஒரு புல்ஃபிஞ்ச் வருகிறது. வயலில் பிடித்துக் கூண்டில் அடைத்த ஆண் பறவை. ஓராண்டில் நிறம் மங்கி, ஆண்டுக்கு ஆண்டு கறுத்து, நான்காம் ஆண்டில் கரியாகிவிட்டது. அதன் தீனி பெரும்பாலும் சணல் விதை என்று குறித்திருக்கிறார். சாப்பாடு நிறத்தை மாற்றுமா என்ற கேள்வியை அந்தச் சின்னக் குறிப்பு எழுப்பியது. இந்த மார்புச் சிவப்பு தீனியிலிருந்து வரும் நிறமிகளால் ஆனது என்பது இன்று பாடப்புத்தகச் செய்தி.

கூண்டு அந்தக் காலத்தில் புல்ஃபிஞ்சுக்குப் புதிதில்லை. காட்டில் அதன் பாட்டு பத்தடி தள்ளிக் கேட்காத முணுமுணுப்பு. ஆனால் குஞ்சிலேயே எடுத்து வளர்த்தால், வளர்ப்பவர் ஊதும் மெட்டைக் கற்றுக்கொண்டு திருப்பி ஊதும். 1717இல் லண்டனில் வெளியான ஓர் இசைப் புத்தகம் முழுக்க முழுக்கக் கூண்டுப் பறவைகளுக்குச் சொல்லித்தரும் மெட்டுகள். புல்ஃபிஞ்சுக்கும் அதில் பாடம் உண்டு. ஜெர்மனியின் ஹெஸ்ஸெ பகுதி மலையூர்களில் மாதக்கணக்கில் நாட்டுப்பாடல் பழக்கி, லண்டன் வரவேற்பறைகளுக்கு ஏற்றுமதி செய்தார்கள். பறவைக்கு இயல்பில் அப்பன்தான் வாத்தியார்; கூண்டில் அந்த இடத்தில் மனிதன் உட்கார்ந்துகொண்டான். லண்டன் கிழக்கில் கிளப் ரோ என்ற தெருவில் ஞாயிறுதோறும் பறவைச் சந்தை கூடிவந்தது. காட்டில் பிடித்த உள்நாட்டுப் பறவைகளை விற்பதற்கு 1933இல் சட்டம் தடைபோட்டது. ஒரே பறவைக்குத் தோப்பில் தலைவிலை, நகரத்தில் பாட்டுக் கூலி. இரண்டு வழியிலும் நட்டம் அதற்குத்தான்.

வடக்கே ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போகும் வழியில் ஒரு சின்ன விலகல். ஹாம்ப்ஷயரின் சௌதாம்ப்டன் நகரை ஒட்டிய ஸ்வெய்த்லிங்கில், 1921இல், வாசலில் வைத்த பால்புட்டியின் மூடியைக் குருவிகள் கிழித்து மேலே மிதந்த ஏட்டைக் குடிப்பதை யாரோ கவனித்தார்கள். டிட் பறவைகளின் வேலை. அடுத்த இருபது முப்பது ஆண்டுகளில் நாடெங்கும் பால் திருடு நடந்தது. ஃபிஷர், ஹைண்ட் இருவரும் 1949இல் இதை ஆராய்ந்து எழுதினார்கள். பால்காரர் வருவது நின்று, ஏடில்லாத பால் அட்டைப்பெட்டியில் வரத் தொடங்கியதும் அந்தக் கலை வழக்கொழிந்துவிட்டது.

ஆக்ஸ்ஃபோர்டுக்கு வெளியே வைத்தம் காடு. பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான இந்தக் குன்றில் மரத்துக்கு மரம் எண்ணிட்ட கூட்டுப்பெட்டிகள் தொங்குகின்றன. ராபின் புத்தகம் எழுதிய டேவிட் லாக் 1947இல் இங்கே தொடங்கிய கிரேட் டிட் ஆய்வு இன்றும் நிற்காமல் நடக்கிறது. தாத்தா, பாட்டி, கொள்ளுப்பேரன் என்று வம்சாவளியே எழுதிவைத்திருக்கிறார்கள். நம்மில் பலருக்குச் சொந்தக் குடும்பத்துக்கே அத்தனை தலைமுறைக் கணக்கு கிடையாது. 1960களைவிட இரண்டு வாரத்துக்கும் மேலாக முன்கூட்டியே இப்போது முட்டையிடுகின்றன என்பது அந்த ஏடுகள் சொல்லும் செய்தி. வசந்தம் முந்துகிறது, புழு முந்துகிறது, பறவையும் முந்தவேண்டியிருக்கிறது. வைத்தம் பறவைகளுக்கு நெதர்லாந்துப் பறவைகளைவிட அலகு நீளம் என்றும், தீனிக்குழாய்ப் பழக்கம் அதற்குக் காரணமாக இருக்கலாம் என்றும் 2017இல் ஓர் ஆய்வு வந்தது. புறநகர் வீட்டுச் சன்னலில் தொங்கும் கடலை ஒரு பறவையின் முகத்தையே மாற்றுகிறதென்றால், அந்த அன்பைக் கொஞ்சம் யோசித்துத்தான் காட்டவேண்டும்.

புல்ஃபிஞ்சின் வழக்கை முதன்முறையாக ஒழுங்காக விசாரித்ததும் இந்தக் காட்டில்தான். 1960களில் ஆக்ஸ்ஃபோர்டில் ஆய்வு மாணவராக இருந்த இயன் நியூட்டன், பழ விவசாயிகளின் புகாரை எடுத்துக்கொண்டு பறவை ஆண்டு முழுக்க என்னதான் தின்கிறது என்று பார்த்தார். செந்தட்டி, பிளாக்பெரி, பிர்ச் விதைகள் அதன் அன்றாடச் சோறு. குளிர்காலத்தில் ஆஷ் மரத்தின் விதை. ஆஷ் ஓராண்டு கொத்துக்கொத்தாகக் காய்க்கும், அடுத்த ஆண்டு ஏமாற்றிவிடும். காய்த்த குளிர்காலத்தில் தோப்புக்குப் பெரிய சேதமில்லை. காய்க்காத குளிர்காலத்தில்தான் புல்ஃபிஞ்ச் மொட்டுக்கு வருகிறது. மொட்டு அதற்கு விருந்தில்லை, பஞ்சத்துக் கஞ்சி. பேரிக்காய் மரம் மொட்டில் பாதியை இழந்தும் வழக்கமான விளைச்சலைத் தரமுடியும் என்றும் அவர் கண்டார். நாலு நூற்றாண்டாகத் தலைக்கு விலை வைத்தவர்கள் யாரும் காட்டுக்குள் போய் ஆஷ் காய்த்திருக்கிறதா என்று பார்க்கவில்லை. இந்தப் பயணத்தில் மனத்தில் நின்ற ஒரே பெரிய கண்டுபிடிப்பு இதுதான். நியூட்டன் பின்னாளில் ஃபிஞ்ச் குருவிகளை வேட்டையாடும் ஸ்பாரோஹாக்கை, நம் வல்லூறின் உறவை, எடுத்து ஆராய்ந்தார் என்பது உபரி.

இன்று அந்த ஆஷ் மரமே சாகிறது. 2012இல் பிரிட்டனில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட பூஞ்சை நோய், வைத்தத்திலும் மேலிருந்து கீழாகக் கிளைகளை உலர்த்திக்கொண்டிருக்கிறது. காட்டுப் பாதையோரம் வெட்டிக் கிடக்கும் வெளிறிய தண்டுகள் பெரும்பாலும் ஆஷ்தான். 1970களின் நடுவிலிருந்து புல்ஃபிஞ்ச் எண்ணிக்கை சரிந்ததற்குப் பிடுங்கப்பட்ட உயிர்வேலிகள், மான்கள் மேய்ந்து வெறுமையான அடிக்காடு என்று காரணங்கள் சொல்கிறார்கள். குளிர்காலச் சோறும் போனால் என்ன ஆகும் என்பது இனி வரும் கணக்கு.

கடைசியில் பறவை கிடைத்தது காட்டில் இல்லை, காட்டை விட்டு இறங்கும் வண்டிப்பாதையில். இரண்டு பக்கமும் கத்தரிக்காமல் விட்ட ஹாதார்ன் உயிர்வேலி, அடியில் செந்தட்டி, போன ஆண்டின் காய்ந்த களைக்காடு. முன்னால் பத்தடியில் பளிச்சென்று ஒரு வெள்ளை. இடுப்பின் வெள்ளைப்பட்டை அது. முக்கால்வாசிப் பேர் புல்ஃபிஞ்சின் முதுகுப்புறத்தைத்தான் பார்க்கிறார்கள். பின்னாலேயே இன்னொரு வெள்ளை. ஆணும் பெண்ணும் பிரியாமல் திரிவதால் ஒன்றைக் கண்டால் அடுத்ததுக்குக் காத்திருக்கலாம். வேலியின் மறுமுனையில் ஆண் வெளிக்கிளைக்கு வந்தது. அவசரமில்லாமல் ஹாதார்ன் மொட்டைக் கிள்ளி, அலகுக்குள் உருட்டி, செதிலை உதிர்த்தது. வெயில் நேராக மார்பில் விழுந்தது. ஓவியங்களில் இந்த நிறத்தைக் கூட்டிப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தவர்களின் சந்தேகம் அத்தோடு தீரும். எந்த ஓவியமும் நியாயம் செய்யவில்லை. நாய் கூட்டிக்கொண்டு வந்த ஊர்ப் பெண்மணி ஒருவர் நின்று பார்த்துவிட்டு, தன் தோட்டத்துப் பிளம் மரத்தை ஆண்டுதோறும் இவைதான் காலி செய்கின்றன என்றார். குரலில் கோபத்தைவிடப் பெருமைதான் அதிகம்.

இங்கிலாந்து போகிறவர்கள் தீனிக்குழாய் முன்னால் காத்திருக்கவேண்டாம். மார்ச், ஏப்ரலில், இலை மூடுவதற்கு முன், ஊருக்கு வெளியே பராமரிப்பில்லாத உயிர்வேலி ஒன்றைத் தேடி, அந்தத் தாழ்ந்த விசிலுக்குக் காது கொடுங்கள். அவ்வளவு தூரம் போக இயலாதவர்களுக்கு இமயமலை இருக்கிறது. தென்னிந்தியாவில் புல்ஃபிஞ்ச் கிடையாது. ஆனால் செந்தலை, ஆரஞ்சு, பழுப்பு என்று சில வகைகள் இமயத்துக் காடுகளில் வாழ்கின்றன. உத்தரகாண்டின் சோப்தா பக்கம் போகும் யாத்திரிகர்கள் துங்கநாதர் கோயிலுக்கு ஏறும் வழியில் ரோடோடென்ட்ரான் கிளைகளையும் சற்று நிமிர்ந்து பார்க்கலாம்.